ஆறாத புண்ணும் ஒரு சொல்லும்



நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டு தொடங்கினால் எங்கள் தெருவே கழனியில்தான் கிடக்கும். அப்படி ஒரு நாள் லோடு ஏற்றும்போது டிராக்டரிலிருந்து விழுந்து எங்கள் அண்ணனுக்குக் கால் எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். தையல் பிரித்து வீட்டுக்கும் வந்துவிட்டார்.

நான்காம் மாதம் தழும்போரம் வீங்கியது. சிறு துளை விழுந்து சீழ் கசிந்தது. ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், இரண்டு முறை புண்ணைக் கழுவினார்கள். நிற்கவில்லை. "நீங்க இருக்கிற இடம் சுத்தமா இருந்தாத்தானே ஆறும்" என்றார் அங்கிருந்த ஒருவர். தினமும் துணியை வெந்நீரில் அலசிக் கட்டிய அண்ணி அழுதுவிட்டார். நாங்கள் பதில் பேசாமல் நின்றோம். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

வேறொரு மருத்துவர் புண்ணிலிருந்து சதை எடுத்து சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பினார். காசநோய்! இருமலே இல்லையே என்றோம். காசக்கிருமி ஆண்டுக்கணக்கில் உடம்பில் அடங்கிக் கிடக்கும், உடம்பு தளரும்போது எலும்பிலும் தலைதூக்கும் என்றார். மற்ற கிருமிகள் கல்ச்சரில் சில நாளில் வளர்ந்துவிடும்; இதற்கு வாரக்கணக்கில் ஆகும். தனியாகத் தேடினால்தான் அகப்படும்.

பிறகுதான் படித்தோம். 1959-இல் வெளியான சென்னை ஆய்வில், நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நிகராகக் குணமானார்கள். 2023-இல் வெளியான ஜார்கண்ட் ஆய்வில், நோயாளியின் குடும்பத்துக்குச் சத்தான உணவுப்பொருள் கொடுத்ததில் அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி எங்கள் வாசலைப் பற்றியதல்ல. எங்கள் கூலியையும் சோற்றுப்பானையையும் பற்றியது.

அண்ணன் ஓராண்டு மாத்திரை சாப்பிட்டார். இப்போது நடக்கிறார். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் தெருவில் ஆபரேஷன் புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் கூடவே போங்கள். "சதையை டிபிக்கும் சோதித்தீர்களா?" என்று கேளுங்கள். யாராவது சேரியைக் குற்றம் சொன்னால், எங்களைப் போல வாய்மூடி நிற்காதீர்கள்.

ஜெய்பீம்.