தைப்பிங் மழையும் அப்பாவின் சாகாவும்

தைப்பிங்கில் மழை வருமா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு வரும் என்றுதான் கேட்பார்கள். அந்தக் காலத்தில் அதற்குப் பந்தயம்கூடக் கட்டுவார்களாம். மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக் காற்று புக்கிட் லாருட் மலைத்தொடரில் மோதி மேலேறி, குளிர்ந்து, ஊரின் தலையிலேயே கொட்டிவிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். ஆனால், அந்த மழையில் ஒரு பழைய காரோடு மாட்டிக்கொண்ட பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

கார் அப்பாவுடையது. 1991ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா, 1.3 லிட்டர். 1985 ஜூலை 9ஆம் தேதி நாட்டின் முதல் தேசியக் கார் அறிமுகமானபோது அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆறு ஆண்டுகள் காசு சேர்த்து வாங்கினார். அன்று முதல் போமன் கைபட விட்டது குறைவு. தன் கையாலேயே கழற்றுவார், மாட்டுவார்.

இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. லோரி இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே கழிந்த ஆண்டுகள் அப்படி. பின்னால் வந்த லோரியின் ஹாரன் கேட்காமல் ஒருநாள் பாதை மாறப் பார்த்தார். அதோடு அண்ணன் முடிவு செய்துவிட்டார், இனி அப்பா ஓட்டக்கூடாது என்று. தைப்பிங்கில் பழைய சாகாக்களைப் புதுப்பிக்கும் ஓர் இளைஞர் வாங்க முன்வந்தார். அப்பா போட்டது ஒரே நிபந்தனை: "காடியை இழுவை லோரியில ஏத்தக்கூடாது. ஓடித்தான் போகணும்."

ஆகவே ஒரு சனிக்கிழமை, நான் ஓட்ட, அப்பா பக்கத்தில் அமர, கோலாலம்பூரிலிருந்து கிளம்பினோம். நெடுஞ்சாலை வேண்டாம், பழைய சாலையில் போ என்றார். தஞ்சோங் மாலிமில் பசியாறினோம். சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார் என்று ஊர் ஊராகத் தாண்டினோம். வழியில் வானொலியில் என் தோழியின் நிகழ்ச்சி. "இவங்க குரல் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். "ஆமாமா, ஈப்போ இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றார். நான் சிரித்துவிட்டு விட்டேன். விட்டிருக்கக்கூடாது.

கோலகங்சாரைத் தாண்டி, புக்கிட் பெராப்பிட் வளைவுகளில் ஏறி இறங்கி, தைப்பிங் வந்தபோது மணி இரண்டு. நான்கு மணிக்குத்தான் அந்த இளைஞரைப் பார்க்க வேண்டும். ஏரித் தோட்டத்துக்கு அருகே சாலையோரம் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனோம். ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களை 1880இல் தோட்டமாக மாற்றிய இடம் அது. கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளைகளை நீட்டித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நாங்கள் வருவதற்கு முன்பே ஒரு மழை பெய்திருந்தது. சாலையில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டுதான் வந்தேன். சாப்பாடு முடியும் முன் இன்னொரு மழை, ஒரு மணி நேரம்.

திரும்பி வந்து சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. அப்பா கையை உயர்த்தினார். "போதும். பத்து வினாடிக்கு மேல அடிக்காத. பேட்டரியும் போகும், பிளக்கும் பெட்ரோல்ல நனையும்."

பானெட்டைத் திறந்து நின்றவர், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாப்பா, சுத்தும்போது சத்தம் எப்படி இருக்கு?" என்றார்.

"கிர்ருன்னு இருக்குப்பா."

"எல்லாக் காடியும் கிர்ருன்னுதான் இருக்கும். வானொலியில அவ்வளவு பேசுற, ஒரு சத்தத்தைச் சொல்லத் தெரியலையா?"

இன்னொரு முறை திருப்பிக் கவனமாகக் கேட்டேன். சீரான இடைவெளியில் ஏறி இறங்கியது, வேகமாக மூச்சு வாங்குவதைப்போல. என் கையைத் தட்டி அந்தத் தாளத்தைக் காட்டினேன். அப்பாவின் முகம் தெளிந்தது. தளர்ந்து இழுத்தால் பேட்டரி. தாளமே இல்லாமல் விர்ரென்று லேசாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், அதற்கு மேல் சாவியைத் தொடவே கூடாது. சீராக ஏறி இறங்கினால் இன்ஜினின் உள்ளே அழுத்தம் இருக்கிறது. அப்படியானால் குறை இரண்டில் ஒன்று: பெட்ரோல் வரவில்லை, அல்லது நெருப்புப் பொறி வரவில்லை.

கார்புரேட்டர் பக்கம் குனிந்து முகர்ந்தார். பெட்ரோல் வாசம் இருந்தது. எங்கும் கசிவு இல்லை. "எண்ணெய் வருது. பொறிதான் இல்லை."

ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, பெட்டியிலிருந்த உபரி பிளக்கில் மாட்டி, அதை இன்ஜின் உலோகத்தில் படும்படி வைத்தார். பல ஆயிரம் வோல்ட் பாயும் இடம், கையால் பிடிக்கக்கூடாது. பொறி நீலமாக, 'டிக் டிக்' என்று அடிக்க வேண்டுமாம். அவருக்கு அந்தச் சத்தம் கேட்காது. எனவே அவர் சாவிக்குப் போனார். நான் முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பெல்ட்டுக்கு எட்டாத தூரத்தில் குடையை விரித்து நிழல் பிடித்து நின்றேன்.

பொறி வந்தது. மஞ்சளாக, விட்டு விட்டு. ஆனால் வேறெங்கிருந்தோ மெல்லிய 'சர்... சர்' என்ற சத்தமும் வந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் வயர் கெட்டால் கேட்குமே, அதைப்போல. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்துதான் அது வந்தது.

அப்பாவிடம் விரலால் காட்டினேன். மூடியைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளே வியர்த்ததுபோல நீர்த்துளிகள். ஓரத்தில், முடி போன்ற கறுப்புக் கோடு ஒன்று. விரிசல். காய்ந்த நாள்களில் அது ஒன்றும் செய்யாது. ஈரம் புகுந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாகக் கசிந்து ஓடிவிடும்.

துணியால் துடைத்து, கோட்டைக் கத்தி முனையால் சுரண்டினார். "நகத்துக்குப் பூசுவியே, நிறமில்லாதது, இருக்கா?" இருந்தது. விரிசல்மேல் பூசி, முழுதும் காயும்வரை காத்திருந்தோம். பழைய காலத்து வைத்தியம், புது மூடி வாங்கும் வரைக்கும்தான். என் காரில் இப்படி ஆனால் என்ன செய்வது என்று கேட்டேன். இப்போதைய கார்களில் இந்த மூடியே கிடையாது என்றார். சாவியைப் போட்டதும் பின்னிருக்கைப் பக்கம் பெட்ரோல் பம்ப் ஓரிரு வினாடி முனகுகிறதா என்று கேள், சாவி படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறதா என்று பார், போமனிடம் அதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும் என்றார்.

பிறகு, மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உன் நிகழ்ச்சி ரெண்டு வருஷமா எனக்குப் புரியல பாப்பா. குரல் வருது. வார்த்தை வரல."

தினமும் காலையில் நிகழ்ச்சி முடிந்து அழைப்பேன். "நல்லா இருந்துச்சு" என்பார். இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லியிருக்கிறார். இரைச்சலால் கெட்ட காதில் முதலில் போவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான். பேச்சின் ஓசை இருக்கும். சொல்லைப் பிரித்துக் காட்டும் எழுத்துகள் தேய்ந்துவிடும். கேட்பது என் தொழில். வீட்டில் இருந்ததை நான் கேட்கவில்லை.

மூடியை மாட்டினோம். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது. அப்பா மட்கார்டுமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நேராக உபரிப்பாகக் கடைக்குப் போய்ப் புது மூடி வாங்கி மாட்டினார். நான்கரைக்கு அந்த இளைஞரைச் சந்தித்தோம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, "பிளக் வயரும் பழசுதான் தம்பி, மாத்திடுங்க" என்று சாவியைக் கொடுத்தார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மறுபடி தூற ஆரம்பித்திருந்தது.

தைப்பிங் நிலையத்தில் மின்ரயில் ஏறினோம். நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி புறப்பட்டது இந்த ஊரிலிருந்துதான், அன்றைய போர்ட் வெல்டுக்கு, இன்றைய கோல செபத்தாங்குக்கு. அதை அப்பாவிடம் சத்தமாகச் சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து பழைய மூடியை எடுத்து, விரலால் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"போன வருஷமே இழுத்து இழுத்துத்தான் பிடிச்சது. அப்பவே பார்த்திருக்கணும். வெயில்ல நல்லா ஓடுதேன்னு விட்டுட்டேன்."

கம்பார் தாண்டும்வரை பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, என் உதடுகளைப் பார்த்தபடி கேட்டார்:

"அண்ணன் சொன்னானே, அந்தக் காது டாக்டரு. எப்பப் போகலாம்?"