வேப்பமரத்தை வெட்டணுமாம், ரேடியோவுக்கு!

"மாமா, இந்த வேப்பமரத்தை வெட்டிடலாமா?"

அக்கா மகன் இப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. தாத்தா வைத்த மரம். மேட்டுக்கொல்லையில் மோட்டார் கொட்டகையை ஒட்டி நிற்கிறது. களை எடுக்க வருகிற பெண்கள் கஞ்சி குடிப்பதும், சித்திரை வெயிலில் நான் துண்டை விரித்துப் படுப்பதும் அதன் அடியில்தான். கேட்டவன் விறகு வியாபாரி இல்லை. சென்னையில் வேலை பார்க்கிறான், பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியிருக்கிறான். சனி, ஞாயிறு வந்தால் காணைக்குப் பஸ் ஏறிவிடுவான்.

அவன் ஆசைப்படுகிற ஏரியலை அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில் கட்ட முடியாது. நாமெல்லாம் 720-ல் சென்னை வானொலி கேட்டோம் இல்லையா, அதற்கும் கீழே 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு சின்னப் பட்டை இருக்கிறது. 2012 உலக வானொலி மாநாட்டில் ஹாம்காரர்களுக்கு ஒதுக்கியது. அங்கே ஓர் அலையின் நீளம் 630 மீட்டர். முறையான ஏரியல் என்றால் அதில் கால் பங்கு உயரம் வேண்டும், அதாவது 150 மீட்டருக்கும் மேல். எங்களிடம் இருந்தது 12 மீட்டர் ஜிஐ பைப்பு. உச்சியிலிருந்து குடைக்கம்பி மாதிரி நாலு ஒயரை இழுத்துக் கட்டினோம். அடியில் பெயிண்ட் பக்கெட்டைச் சுற்றி ஒரு காயில்.

வேட்டிக்குப் பதில் கோவணம் கட்டின கதைதான். இவ்வளவு குட்டை ஏரியலில் வானத்துக்கு அலையாகப் போகிற பங்கைக் கணக்குப் போட்டால் அரை ஓம்தான் வருகிறது. மண்ணும் காயிலும் சேர்ந்து தின்பது எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்த்தான். 80 ஓம்! 100 வாட் கொடுத்தால் 1 வாட் கூட மேலே போகாது. மிச்சமெல்லாம் என் கொல்லை மண்ணைச் சூடாக்கத்தான்.

"எர்த்து சரியில்லடா, அவ்ளோதான்" என்றேன். எர்த்து நமக்குத் தெரியாததா? மோட்டாருக்குப் போடுகிற மாதிரியே ஆள் உயரக் குழி வெட்டி, பைப்பு இறக்கி, கரியும் உப்பும் அடுக்கி, நாலு குடம் தண்ணி ஊத்தினேன். மறுபடி மீட்டர் வைத்தான். 76. அவன் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. எனக்குத்தான் முகம் விழுந்துவிட்டது.

ஏன் குறையவில்லை என்பது ராத்திரி திண்ணையில் அவன் விளக்கின பிறகுதான் பிடிபட்டது. மோட்டாரில் மின்சாரம் கசிந்தால் அந்த ஒரு ஒயர் வழியாக வந்து ஒரே இடத்தில் மண்ணில் இறங்குகிறது. அதுக்கு ஒரு குழி போதும். ஏரியல் அப்படி இல்லை. மேலே கட்டின ஒயரிலிருந்து சுற்றுவட்டம் முழுக்க மண்ணில் இறங்கி, அங்கிருந்து ஏரியல் அடிக்குத் திரும்பி வரணும். எனக்கு நம்ம கணக்குதான் புரிந்தது: மழை கொல்லை முழுக்கப் பெய்கிறது, தண்ணியெல்லாம் ஒரு கிணத்துக்கு வரணும். கிணத்தை இன்னும் ஆழமாக வெட்டி என்ன பண்ண? நாலாபக்கமும் வாய்க்கால் இல்ல வெட்டணும்? அந்த வாய்க்கால்தான் கம்பி. ஏரியல் அடியிலிருந்து சக்கரத்து ஆரம் மாதிரி புதைக்கணும். அமெரிக்காவில் பிரவுன் என்பவரும் கூட்டாளிகளும் 1937-லேயே அளந்து எழுதிவிட்டார்களாம். இன்றைக்கும் ரேடியோ ஸ்டேஷன்களில் 120 கம்பி புதைப்பது அந்தக் கணக்கை வைத்துத்தான்.

பெரிய இடத்துக்கும் இதே பாடுதான். நாங்குநேரி பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது விஜயநாராயணம் கோபுரங்களைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன். 1990-லிருந்து கடலுக்கு அடியில் இருக்கிற நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிற இடம். 20 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே. அங்கே கால் பங்கு அலை என்றாலே சுமார் 4 கிலோமீட்டர். அதனால் 471 மீட்டர் கோபுரம்கூட அந்த அலைக்குக் குட்டைதான்! அதைக் கேட்ட பிறகு என் 12 மீட்டர் பைப்பு மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

கம்பிக்கு எங்கே போவது? புதுச் செம்பு விற்கிற விலைக்குக் கரும்பு போட்டவன் வாங்க முடியாது. விழுப்புரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கழித்துப்போட்ட பழைய கம்பி கிடைத்தது. முடிச்சு முடிச்சாகச் சேர்த்துப் பற்றவைத்தோம். புதைக்க ஆள் விட்டால் கூலி கட்டாது. பரணில் கிடந்த அப்பாவின் மரக்கலப்பையை இறக்கி, பக்கத்துக் கொல்லைக்காரரின் மாட்டைப் பூட்டினேன். நான் ஏர் பிடிக்க, பின்னாடியே அவன் சாலில் கம்பியைப் போட்டுக் காலால் மண்ணைத் தள்ளி வந்தான். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து ஏர் பிடித்தது. ரெண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை. 8 கம்பியில் 55 ஓம் ஆனது. 24 கம்பியில் 40. அதுக்கு மேல் எத்தனை போட்டும் பெரிசாக அசையவில்லை.

அப்போதுதான் வேப்பமரத்துக்கு வந்தான். பச்சை மரத்தில் உள்ள சாறும் ஈரமும் ஏரியலின் சக்தியை உறிஞ்சுமாம். பைப்பு மரத்திலிருந்து பத்தடி தூரத்தில்தான் இருந்தது. என் வீட்டுக்காரம்மா கொட்டகை வாசலிலிருந்தே சொன்னாள்: "மரத்துல கைய வெச்சா ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது."

நானும் சொன்னேன்: "மரத்தை நகர்த்த முடியாது. உன் பைப்பை நகர்த்தலாம் இல்ல?" போட்ட கம்பி எல்லாம் வீணாகுமே என்று முனகினான். நாலு வாரக் கூலி இல்லா வேலை, பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் மரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி, கேழ்வரகு போடுகிற துண்டின் நடுவில் பைப்பை நட்டு, கம்பியையெல்லாம் பிடுங்கி மறுபடி ஏர் ஓட்டினோம். இந்தத் தடவை மீட்டரில் 26. முதலில் இருந்ததைப் போல மூணு மடங்கு மேலே போகும்.

இப்போது வேறு தொல்லை. கம்பி அரையடி ஆழத்தில்தான் கிடக்கிறது. அந்தத் துண்டில் டிராக்டர் விட்டால் எல்லாம் அறுந்து ரோட்டாவேட்டரில் சுற்றிக்கொள்ளும். இந்தப் பட்டத்துக்கு அங்கே கேழ்வரகு இல்லை. மண்வெட்டியால் லேசாகக் கொத்தி உளுந்து விதைத்திருக்கிறோம். முளைத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மழைக்குப் பிறகு அளந்தான், 23.