மாரியோவின் துள்ளல்

ஜக்கார்டு தறிக்குச் சேலை வடிவம் போடுகிறவர் முதலில் கட்டத்தாளைத்தான் விரிப்பார். நிரப்பிய கட்டத்தில் நூல் மேலே தெரியும், நிரப்பாத கட்டத்தில் அடியில் மறையும். அன்னமானாலும் மயிலானாலும் இந்தக் கணக்குத்தான். பிறகு அது அட்டையில் துளையாகித் தறிமேல் ஏறும். பரமக்குடியிலும் வைகைக்கு அக்கரையில் எமனேஸ்வரத்திலும் தறிச்சத்தத்துக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு மாரியோ எப்படிப் பிறந்தான் என்பதை விளக்க அதிக நேரம் ஆகாது. 1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வீடியோ ஆட்டத்தில் அந்தச் சின்ன மாரியோவுக்குக் கிடைத்த இடம் அகலத்தில் 12 புள்ளி, உயரத்தில் 16 புள்ளி, நிறம் மூன்று. அவனை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ, 1981-இல் 'டாங்கி காங்' ஆட்டத்துக்காக அவனை முதலில் வரைந்தபோது பட்ட பாட்டைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவ்வளவு சிறிய இடத்தில் வாய் வரைய முடியவில்லை, மீசை வைத்தார். தலைமுடியை அசைத்துக் காட்ட முடியவில்லை, தொப்பி போட்டார். கை வீசுவது தனியாகத் தெரியவேண்டும் என்று உடுப்பை இரண்டு நிறமாகப் பிரித்தார். இன்று உலகமே அடையாளம் காணும் அந்த முகம் இப்படி இடப்பற்றாக்குறையில் பிறந்தது. நெசவுக்காரருக்கு இது புதிதல்ல.

அந்த மாரியோ நம் ஊர்களுக்கு வந்த வழியும் நேர்வழி அல்ல. மாரியோவின் சொந்தக்காரரான நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் ஜப்பானில் விற்கத் தொடங்கிய ஃபேமிகாம் ஆட்டப் பெட்டியைப் பார்த்து யார் யாரோ செய்த நகல்கள் தொண்ணூறுகளில் 'டிவி கேம்' என்ற பெயரில் இங்கே வந்து குவிந்தன. கூடவே வரும் கேசட்டில் ஆயிரக்கணக்கில் ஆட்டம் இருப்பதாக அச்சிட்டிருக்கும். திறந்து பார்த்தால் சில பத்து ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். அந்த நகல்களால் நிண்டெண்டோவுக்குக் காசு கிடைக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே மாரியோவைத் தெரியும் என்றால் அது அந்த நகல் பெட்டிகளின் புண்ணியம்தான். இதை நியாயப்படுத்த நான் முயலவில்லை. மாரியோவின் நெடுங்காலத்தைப் பற்றிப் பேசும்போது இந்த உண்மையை ஒதுக்கிவைக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

மாரியோவுக்கு என்ன குறை, அவன் சாகாவரம் பெற்றவன் ஆயிற்றே என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2023-இல் வந்த திரைப்படம் உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஒசாகாவில் 2021 முதல் அவன் பெயரில் ஒரு கேளிக்கை உலகமே நடக்கிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவனுக்குக் குரல் கொடுத்த சார்லஸ் மார்ட்டினே 2023-இல் விலகி, கெவின் அஃப்கானி வந்தபோதும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முகம் நிலைக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கவலை அந்தத் துள்ளலைப் பற்றியது. முதல் ஆட்டத்தின் முதல் திரையை நினைத்துப் பாருங்கள். இடது ஓரத்தில் நிற்கிறான், வலப்பக்கம் வெட்டவெளி. நடந்தால் எதிரே காளான் தலைப் பொடியன் ஒருவன் வருகிறான். குதிக்காவிட்டால் உயிர் போச்சு. பொத்தானைத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் உயரக் குதி. இன்னொரு பொத்தானைப் பிடித்தபடி ஓடிக் குதித்தால் தூரம் கூடும். நிறுத்தினால் சட்டென்று நிற்காமல் கொஞ்சம் வழுக்கிப்போய் நிற்பான். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. எல்லாவற்றையும் கட்டைவிரல் தானாகக் கற்றுக்கொள்கிறது. மாரியோ என்பவன் அந்த விரலில் இருக்கிறான். மிக்கி மவுஸைத் தெரியாத பிள்ளை இல்லை. அவனைப் பிரபலமாக்கிய 1928-ஆம் வருடப் படத்தை முழுதாகப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? மாரியோவும் அப்படிப் புத்தகப்பைப் படமாக மட்டும் மிஞ்சிவிடக் கூடாது.

அந்தப் பக்கமாகத்தான் காற்று அடிக்கிறது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. மாரியோ நிலை இதைவிட மேல் என்பது உண்மைதான். அவனுக்கும் பாதுகாப்பு முழுதாக இல்லை. அவனுடைய மூன்று பெரிய ஆட்டங்களைச் சேர்த்து 2020-இல் வெளியிட்ட தொகுப்பை 2021 மார்ச் 31-ஓடு விற்பனையிலிருந்து நிறுத்தினார்கள். 2023 மார்ச்சில் இரண்டு பழைய கருவிகளின் இணையக் கடைகளையும் மூடினார்கள். பழைய ஆட்டம் வேண்டுமானால் மாதச் சந்தா கட்டி ஆடலாம், கட்டுகிறவரைதான் ஆட்டம். இந்தியாவிலோ ஸ்விட்ச் என்னும் ஆட்டக் கருவியை விற்க நிண்டெண்டோ முறைப்படி வந்ததே இல்லை. பரமக்குடிப் பிள்ளை கையில் இருப்பது செல்போன், அதில் காசில்லாமல் கிடைக்கும் துப்பாக்கிச் சண்டை. மாரியோவை எதிர்பார்த்து அவன் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

நிண்டெண்டோ கட்டிக் காத்ததால்தான் மாரியோ தரம் கெடாமல் இருக்கிறான் என்பது வலுவான மறுப்பு. அவனுக்குப் போட்டியாக 1991-இல் சேகா இறக்கிய சோனிக்கைப் பாருங்கள்: 2006-இல் அரைகுறையாக வெளியிட்ட ஓர் ஆட்டம் அவன் பெயரையே கெடுத்தது. அப்படி ஒரு சறுக்கல் மாரியோவுக்கு நேரவில்லை, அந்தப் பெருமை நிண்டெண்டோவுக்கே உரியது. ஆனால் சோனிக் எழுந்த விதத்தையும் பார்க்கவேண்டும். பழைய சோனிக் ஆட்டங்களைத் தாங்களாகவே பிரித்து மேய்ந்து, மாற்றி எழுதிப் பழகிய ரசிகர்களை சேகா கூப்பிட்டு வேலை கொடுத்தது. 2017-இல் அவர்கள் செய்துகொடுத்த 'சோனிக் மேனியா' பல ஆண்டுகளில் வந்த சோனிக் ஆட்டங்களை எல்லாம் மிஞ்சியது. அந்தத் துள்ளல் அவர்கள் விரலில் இருந்தது. கம்பெனியைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அதற்காக உரிமையே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். தென்மாவட்டத் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு கோமாளிகள் உண்டு. யார் வேண்டுமானாலும் அவர்களை ஆட்டலாம், ஊருக்கு ஊர் புதுப் பேச்சுப் பேசவைக்கலாம், தடுப்பாரில்லை. இருந்தும் அவர்களை ஆட்டுகிற குடும்பங்கள் அருகிக்கொண்டே வருகின்றன, காரணம் அதில் பிழைப்பு இல்லை. உடையவன் இல்லாவிட்டால் பூட்டு இல்லை. பொறுப்பேற்க ஆளும் இல்லை. ஆகவே நிண்டெண்டோ காவல் இருக்கட்டும். ஆனால் 1985 ஆட்டத்துக்கு அமெரிக்கச் சட்டம் தரும் 95 ஆண்டுப் பதிப்புரிமை 2080-இல்தான் முடியும். இன்று முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அப்போது வயது அறுபதை எட்டியிருக்கும். விரல் பழக்கம் அதுவரை காத்திருக்காது. அன்னத்தை நெய்து பார்த்த கை இருந்தால்தான் அடுத்த அன்னம் வரும். செல்போனின் கண்ணாடித் திரையில் அந்தக் குதி சரியாக வராது என்பது மெய்யே. அதற்கும் செல்போனில் பொருத்திக்கொள்ளும் பொத்தான் பிடிகள் வந்துவிட்டன. நிண்டெண்டோவும் 2016-இல் 'சூப்பர் மாரியோ ரன்' மூலம் செல்போனுக்கு வந்து பார்த்ததுதான். அதில் மாரியோ தானாகவே ஓடுவான், ஆடுகிறவருக்குக் குதிப்பது மட்டும்தான் வேலை. நான் கேட்பது அந்த முதல் ஆட்டம், அது இருந்தபடியே, இங்குள்ள பிள்ளை வாங்கக்கூடிய விலையில், சந்தா இல்லாமல். அந்த ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட். நம் செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரிது.