பாக்கி நோட்டு

கச்சிராயபாளையத்தில் பெரியப்பா வைத்திருந்த மளிகைக் கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது புளியும் கடுக்காயும் கலந்த வாசனை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் சனங்கள் கொண்டுவந்து போடும் சரக்கு அது. ஊரில் அவரை 'வேதக்காரர்' என்பார்கள். டேனிஷ் மிஷன் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம் எங்களுடையது. ஆற்காடு லுத்தரன் சபை. ஆனால் கடையில் உட்கார்ந்து அவர் வேதம் பேசி நான் கேட்டதில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். மலையிலிருந்து வந்த ஒருவர் எட்டு மூட்டை கருப்பு வெல்லம் கேட்டார். கையில் ரொக்கம் வைத்திருந்தார்.

"எதுக்கு தம்பி இவ்வளவு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் ஓரிடத்தில் சேர்ந்தால் அது சாராய ஊறலுக்குத்தான் என்று மலையடிவாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"வீட்டுக்கு ரெண்டு கிலோ வேணும்னா எடுத்துக்க. மூட்டை தர மாட்டேன்."

பக்கத்துக் கடைக்காரர் பிறகு வந்து, "அவன் அடுத்த கடையில வாங்கிட்டுத்தான் போவான், அண்ணே. உங்களுக்குத்தான் நட்டம்" என்றார்.

"வாங்கட்டும்பா. என் தராசுல ஏறாது."

அந்தப் பதிலை வெகுகாலம் பெருமையோடு சொல்லித் திரிந்தேன். மறுப்பது மட்டும் பெரிய காரியமில்லை என்பது வயதான பிறகுதான் புரிந்தது. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. சாமையும் தினையும் விளைந்தது போக, மலைச் சனங்கள் காட்டில் பொறுக்கிய கடுக்காயையும் உலுக்கிய புளியையும் சுமந்து கீழே வந்தால், பஞ்ச காலத்தில் முன்பணம் கொடுத்த வியாபாரி எடையில் அடிப்பார். ஊறல் போடுகிறவனைப் பாதி உண்டாக்கியது அந்தக் கள்ள எடைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெரியப்பா கூடுதல் விலை கொடுத்தவரில்லை. சரியான எடைக்குச் சரியான காசு கொடுத்தார். எழுத்து தெரியாதவருக்கு, நோட்டில் எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்குவார். கடுக்காயில் கால் கிலோ அடித்துக்கொண்டு, வெல்லத்தில் மட்டும் நீதிமானாக இருந்திருந்தால் அந்த மலைக்காரர் முகத்துக்கு நேரே சிரித்திருப்பார். 'தர மாட்டேன்' என்று சொல்லும் உரிமையைப் பெரியப்பாவுக்குக் கொடுத்தது அந்தத் தராசு.

வேதக்காரர் என்ற பெயரோடு இந்த மாவட்டத்தில் வாழ்கிறவர்களை மற்றவர்கள் உற்றுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2008 மார்ச்சில் உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்குத் தேவாலயம் கேட்டபோது மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒரே பலிபீடத்தின் முன் மண்டியிடுகிறவர்களுக்குள் சாதிச் சண்டை. அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் லுத்தரன்கள் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் சபையிலும் சம்பந்தம் பேசும்போது முதலில் என்ன விசாரிக்கிறோம் என்று எனக்குத் தெரியும். அந்த மார்ச்சில் டீக்கடையில் ஒருவர் என்னிடம், "உங்களுக்குள்ளேயுமா சார்?" என்று கேட்டார். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையில் வெல்லத்தில் காய்ச்சியது அல்ல அது, தொழிற்சாலை விஷம். நீதிமன்றமும் காவல் நிலையமும் பக்கத்திலேயே இருக்க, விற்றார்கள். ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். அந்தத் தெரு வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒரு மனுகூட எழுதிப் போட்டதில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனையில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்காக ஜெபித்தபோது, கண்ணை மூடியும் பெரியப்பாவின் தராசுதான் தெரிந்தது. சாராயம் காய்ச்சவும் விற்கவும் நான் உதவவில்லை. ஆனால் அவரைப் போல ஒரு இடத்திலாவது "இங்கே ஏறாது" என்று நான் வாய்திறந்து சொன்னதுண்டா?

அவர் காலமான பிறகு கடையைக் காலி செய்தபோது பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. ஊர்க்காரர்கள் தர வேண்டிய பாக்கி என்று நினைத்துப் பிரித்தோம். கடைசி நான்கு பக்கங்களில் அவர் தர வேண்டியவை இருந்தன. படிக்கல்லின் எடை கூடுதலாக இருந்ததைத் தாமதமாகக் கண்டுபிடித்திருக்கிறார். யார் யாருடைய புளியில், கடுக்காயில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, கொடுத்தவற்றை அடித்திருந்தார். மூன்று பெயர்கள் அடிபடாமல் நின்றன.

நானும் அண்ணனும் ஊர்ப் பக்கத்து அணையைத் தாண்டி மலையேறி, வெள்ளிமலை வரை போய் விசாரித்தோம். இரண்டு குடும்பங்கள் பிழைப்புக்காக எங்கோ போய்விட்டிருந்தன. மூன்றாவது வீட்டில் மகன் இருந்தார். நோட்டைக் காட்டி விவரம் சொல்லிப் பணத்தை நீட்டினோம். அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், சட்டென்று நிமிர்ந்து கேட்டார்:

"அந்த வெல்லம் தராத கடைக்காரர் வீட்டுப் பிள்ளைங்களா நீங்க?"