சைக்கிளில் விழவில்லை

மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். "அப்பா, அவன் ஜிம்முக்குப் போறானாமே. நீங்கதான் சொல்லி நிறுத்தணும். முதுகு கிதுகு பிடிச்சிக்கிட்டா யார் பார்க்கிறது?" பேரன் மதுரையில் எங்கள் வீட்டில் தங்கி இன்ஜினீயரிங் படிக்கிறான். "பார்க்கிறேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இந்த விஷயத்தில் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்று எனக்கே சந்தேகம்.

நானும் ஒரு காலத்தில் பயில்வான்தான். இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். 1972-ல் எங்கள் தெருக்கோடியில் ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே ஆஞ்சநேயர் படம், அதற்கு முன்னால் கற்பூரத் தட்டு, ஒரு மூலையில் வரிசையாகக் கர்லாக்கட்டைகள். பட்டறையில் வார்த்து வாங்கிய இரும்புத் தட்டுகள் எடைக்கு எடை சரியாக இருக்காது. ஒரு பக்கம் கொஞ்சம் தாழும், அதையும் சேர்த்துத்தான் தூக்குவோம். வாத்தியார் சாண்டோ பனியனில் நிற்பார். (சாண்டோ என்றால் நமக்குச் சின்னப்பா தேவர் ஞாபகம்தான் வரும். அது யூஜின் சாண்டோ என்ற பிரஷ்ய நாட்டுப் பலசாலியின் பெயர். அவர் 1905 வாக்கில் இந்தியாவுக்கும் வந்து வித்தை காட்டிவிட்டுப் போனவர்.)

சேர்ந்த புதிதில் தண்டால், பஸ்கி, கர்லா மட்டும்தான். ஆறு மாதம் கழித்துத்தான் இரும்பைத் தொடவிட்டார்கள். தொட்ட பிறகு கர்லாவை யார் சீந்தினார்கள்? அது கிழவர்கள் சுற்றுவது என்று எங்களுக்குள் ஒரு இளக்காரம். இரும்புதான் கெளரவம். ஊறவைத்த கொண்டைக்கடலையும் பச்சை முட்டையும் தின்றுவிட்டு, நேராகப் போய் பாரமான எடையைத் தூக்குவோம். உடம்பைச் சூடுபடுத்திக்கொள்வது என்ற பேச்சே கிடையாது. ஓய்வு நாள் கேட்டால் சோம்பேறி. வலிக்கிறது என்று சொன்னால் அதைவிடக் கேவலம்.

1974-ல் மாவட்ட ஆணழகன் போட்டி வந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. தோள் அகலமாகத் தெரிய வேண்டுமென்று கழுத்துக்குப் பின்னால் இருந்து கம்பியைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியைத் தினமும் செய்தேன். ஒரே மாதத்தில் 40 கிலோவிலிருந்து 55 கிலோ. கூட்டாளி ஒருவன் பந்தயம் கட்டினான். அன்று தோளுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்தவனுக்கே கேட்டதாம். வாத்தியார் நல்லெண்ணெய் போட்டு நீவிவிட்டு, "நாளைக்கு வா, பிடிப்பு விட்டுரும்" என்றார். நானும் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்து நாள் தூக்கினேன். அதுதான் தோளை முடித்தது.

பல வருஷம் கழித்து ஒரு எலும்பு டாக்டர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். தசைக்கு ரத்த ஓட்டம் தாராளம், சில மாதத்தில் பலம் ஏறிவிடும். தசையை எலும்போடு கட்டும் நாணுக்கு ரத்தம் குறைவு, அது மெதுவாகத்தான் தேறும். தசை "தூக்கு" என்கிறது, நாண் "பொறு" என்கிறது. இருபத்திரண்டு வயதில் யார் பேச்சைக் கேட்போம்? அதிலும் கையைப் பின்னுக்குத் திருப்பி வைத்து மேலே தள்ளும்போது, நாண் தோள் எலும்புக் கூரைக்கு அடியில் மாட்டி நசுங்குமாம். சிலருக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு ஆனது.

மருந்து போட்டு உடம்பு ஏற்றுகிறவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. தசை அசுர வேகத்தில் வளரும், நாண் பழைய நாண்தான்.

போன ஞாயிறு நானே பேரனோடு ஜிம்முக்குப் போனேன். குளிர்சாதனம், சுவர் முழுக்கக் கண்ணாடி, காது கிழியும் பாட்டு. ஆஞ்சநேயர் மட்டும் கல்லாவுக்கு மேலே சின்னதாக இருந்தார். பையன் வெறும் கம்பியை வைத்துக்கொண்டே பத்து நிமிஷம் ஏதோ செய்தான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏற்றினான். ஒவ்வொன்றையும் போனில் குறித்துக்கொண்டான். "ரெண்டு தடவை தூக்குற தெம்பு மிச்சம் இருக்கும்போதே இறக்கி வெச்சிடுவேன் தாத்தா. ஒன்றரை மாசத்துக்கு ஒருக்கா ஒரு வாரம் பாதி எடைதான்" என்றான். கழுத்துக்குப் பின்னால் தூக்குவதில்லையா என்று கேட்டேன். "அதை இங்க யாரும் பண்றதில்லை" என்றான். ஒரு மூலையில் இரண்டு பேர் கர்லாக்கட்டை சுற்றிக்கொண்டிருந்தார்கள்! மூட்டுக்கு நல்லதாம், தனிக் கட்டணமாம்.

எல்லாம் திருந்திவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பகலெல்லாம் நாற்காலியில் கூன் போட்டு உட்கார்ந்துவிட்டு, ராத்திரி வந்து நூறு கிலோ தூக்கி வீடியோ எடுக்கிறார்கள். எங்களுக்குப் பந்தயம், இவர்களுக்கு லைக். பேரனின் போனிலும் ரோனி கோல்மன் படம்தான். 1998 முதல் 2005 வரை எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா. 800 பவுண்டை, அதாவது ஏறத்தாழ 363 கிலோவைத் தோளில் வைத்து இரண்டு முறை உட்கார்ந்து எழுந்த மனிதர். இன்று ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. முதுகிலும் இடுப்பிலும் அத்தனை அறுவை சிகிச்சை. வருத்தம் உண்டா என்று கேட்டவர்களிடம், அன்று இரண்டுக்குப் பதில் நான்கு முறை செய்திருக்கலாம் என்றாராம். டோரியன் யேட்ஸ் 1994-ல் கைத்தசை கிழிந்தும் பட்டம் வாங்கினார். 1997-ல் போட்டிக்குச் சில வாரம் முன்பு பின்கைத் தசை கிழிந்தது, அப்போதும் வாங்கினார். அதுவே அவருடைய கடைசிப் போட்டி. இவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பத்து நாள் நான் ஏன் போய்த் தூக்கினேன் என்பது எனக்குத் தெரியுமே. ஆனால் நம் மனோகர் ஐச்சையும் பையன்கள் தெரிந்துகொண்டால் நல்லது. ஐந்தடிக்கும் குறைந்த வங்காளத்து மனிதர். 1952-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தம் பிரிவில் வென்றவர், 104 வயது வரை இருந்தார்.

பயிற்சியாளர் பையன் என்னைப் பார்த்து, "ஐயா, வலது கையை மேலே தூக்குங்க" என்றான். காது மட்டத்தோடு நின்றுவிட்டது. "எப்படி ஆச்சு?" என்றான். வாய்வரை வந்தது சைக்கிள் கதை. ஐம்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருவது அதுதான்: சைக்கிளில் விழுந்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதே அதைத்தான் சொன்னேன். பந்தயத்துக்காகத் தோளைக் கெடுத்துக்கொண்டவன் என்று எப்படிச் சொல்வது?

பேரன் பக்கத்தில் நின்றிருந்தான். உண்மையைச் சொன்னேன்.

ராத்திரி மகளுக்கு நானே போன் போட்டேன். "போகட்டும்மா, அவன் ஒழுங்காத்தான் செய்யறான்" என்றேன். பிறகு தோள் விஷயத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்போ, நான் அஞ்சு வயசுல அழகர் ஆத்துல இறங்கறதைப் பார்க்கணும், தோள்ல தூக்குங்கன்னு அழுதேனே. நீங்க மாமாகிட்டக் கொடுத்தீங்களே. அதுவும் இதனாலதானாப்பா?"

"ஆமாம்மா" என்றேன்.