கூண்டு வண்டியும் கார் ரேஸும்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, கார் ரேஸ் பத்தி எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது. சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்த காலத்துல நான் அரை டவுசர். 1990-ல இருங்காட்டுக்கோட்டையில முறையான டிராக் வந்தப்போ நான் திண்டுக்கல்லைத் தாண்டினதே இல்லை. சித்தையன்கோட்டையில எங்களுக்குத் தெரிஞ்ச ரேஸ், செம்பட்டி ரோட்டுல ரெண்டு பஸ் டிரைவருங்க போட்டி போடுறதுதான்.

அப்படிப்பட்டவன் 2022 அக்டோபர்ல எழுபத்தாறு வயசு அப்பாவையும் கூட்டிக்கிட்டு ஆஸ்திரேலியாவுல ஒரு மலை உச்சியில நாலு நாள் கூடாரம் போட்ட கதைதான் இது. கொசுவத்தி ரெடியா? சுத்திக்கலாம்.

அம்மா 2021 மே மாசம் போய்ட்டாங்க. அது கொரோனா காலம். சிட்னியிலிருந்து என்னால கிளம்ப முடியல. எல்லாத்தையும் செல்போன் திரையிலதான் பார்த்தேன். கொள்ளி வச்சது சித்தப்பா பையன். எல்லை திறந்ததும் அப்பாவை அழைச்சிட்டு வந்தேன். ஆறு மாச விசா. அந்த ஆறு மாசத்துக்குள்ள ஊர் வீட்டை வித்துட்டு எங்களோடயே இருந்துடுங்கன்னு சொல்லிடணும்னு எனக்கு ஒரு திட்டம். ஆனா மனுஷன் வாயே திறக்கல. காலையில ஜன்னல் பக்கம் உக்காருவாரு, சாயந்திரம் எந்திரிப்பாரு. "சாப்பிட்டியா?", "மணி என்ன?", இவ்வளவுதான் பேச்சு.

அப்போதான் ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற வெள்ளைக்காரர், "பாத்தர்ஸ்ட் ரேஸுக்கு வர்றியா? என் கேரவன் சும்மாதான் நிக்குது, எடுத்துட்டுப் போ"ன்னாரு. கேரவன்னதும் நம்மாளுங்களுக்கு நடிகருங்க மேக்கப் போடுற வண்டிதான் ஞாபகம் வரும். இது வேற. காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. ரெண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஐஸ்பெட்டி. தங்கமணி, "உங்களுக்கென்ன பைத்தியமா?"ன்னு கேட்டுட்டு புளிச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக் கொடுத்தா.

சிட்னிக்கு மேற்கே சுமார் 200 கிலோமீட்டர். நீல மலை ஏறி இறங்கிப் போகணும். கொடைக்கானல் ரோடு மாதிரின்னு வச்சுக்கங்களேன். வழியில அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "நம்ம அஜித்து ஓட்டுறாராடா?" இல்லன்னதும் சுவாரசியம் போயிடுச்சு. (அவரோட சொந்த டீம் துபாய் 24 மணி நேர ரேஸ்ல ஒரு பிரிவுல மூணாவதா வந்தது 2025 ஜனவரியிலதான்.)

பாத்தர்ஸ்ட்ல இருக்கிற இந்த மவுண்ட் பனோரமா, ரேஸுக்குன்னு தனியா மூடி வச்ச டிராக் கிடையாது. வருஷம் முழுக்க ஊர்க்காரங்க போற பொது ரோடு. ஓரத்துல வீடுங்க இருக்கு. சாதாரண நாள்ல 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போனா அபராதம். ரேஸ் அன்னைக்கு அதே ரோட்டுல 300 தொடுவாங்க! 1938-லருந்து நடக்குது. ஒரு சுத்து 6.213 கிலோமீட்டர், கீழேயிருந்து உச்சிக்கு 174 மீட்டர் ஏத்தம். 161 சுத்து ஓடினா 1000 கிலோமீட்டர். ஃபார்முலா ஒன் மாதிரி ஈர்க்குச்சி வண்டி இல்ல, நாம ஓட்டுற கார் மாதிரியே தெரியுற டூரிங் கார். உள்ளே இருக்கிறது மட்டும் ராட்சசன்.

உச்சியில போய் இறங்கினா, ஒரு ஊரே உக்காந்திருக்கு. சோபா, சாரக்கட்டு போட்டு உயர உக்கார மேடை, மறைப்பு கட்டின குளியலறை. சில குடும்பம் மூணு தலைமுறையா அதே இடத்துலதான் வந்து தங்குதாம். போலீஸ் 2007-லருந்து கணக்கு வச்சிருக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 24 கேன் பீருக்கு மேல கொண்டுவரக் கூடாதுன்னு. "அதுக்குக் கம்மியா குடிச்சா என்ன பண்ணுவாய்ங்க?"ன்னாரு அப்பா. ஆறு மாசத்துல அவர் அடிச்ச முதல் ஜோக்!

எங்களுக்கு இடப்பக்கம் ஒரு பெரியவர், ஃபோர்டு கட்சி. வலப்பக்கம் இன்னொருத்தர், ஹோல்டன் கட்சி. ரெண்டு பேரும் மாமன் மச்சானாம். நாலு நாளும் திட்டிக்கிட்டே ஒரே அடுப்புல சமைச்சாங்க. ஃபோர்டு பெரியவர்தான் டிக் ஜான்சன் கதையைச் சொன்னாரு. 1980-ல சொந்தக் காசைப் போட்டு வந்து முன்னணியில ஓடிக்கிட்டிருந்த மனுஷன், மலைமேல ரோட்டுல கிடந்த பாறையில மோதி வண்டி நொறுங்கிப் போச்சு. டிவியில அவர் உடைஞ்சு நின்னதைப் பார்த்த சனங்க போன் மேல போன் போட்டு பணம் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. சேர்ந்த தொகைக்குச் சமமா ஃபோர்டு கம்பெனியும் போட்டுச்சு. அடுத்த வருஷம் 1981-ல அதே மலையில ஜெயிச்சாரு. "நானும் அஞ்சு டாலர் கொடுத்தேன்"னாரு பெரியவர். நான் தமிழ்ல சொன்னதும் அப்பா முகம் மலர்ந்துடுச்சு. "மொய்யிடா இது! நோட்டுல எழுதி வச்சிருக்காரான்னு கேளு."

சனிக்கிழமை கொட்டோ கொட்டுன்னு மழை. முதல் பத்து இடத்தை முடிவு பண்ற ஓட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க. அந்த ரேஸ் சரித்திரத்துல அப்படி நடந்ததே இல்லையாம். முகாம் பூரா சேறு. ஹோல்டன்காரர் வண்டி பாதிச் சக்கரம் வரைக்கும் புதைஞ்சிடுச்சு. நாலு தடிப்பசங்க ஆக்சிலேட்டரை மிதிமிதின்னு மிதிக்க, இன்னும் ஆழமா இறங்குது. குரங்குக் குல்லாவும் மடிச்சுக் கட்டின கைலியுமா அப்பா குறுக்க போய் நின்னாரு. சக்கரத்துக்கு முன்னாடி மண்ணை வாரச் சொன்னாரு, சேத்துக்குப் பரப்பி வச்சிருந்த வைக்கோலை அள்ளித் திணிச்சாரு, டிரைவரைப் பார்த்து மெதுவான்னு கையைக் காட்டினாரு. அப்புறம் "ஐலசா!". ரெண்டாவது ஐலசாவுக்கு அவனுங்களும் சேர்ந்து கத்தினானுங்க. வண்டி மேல வந்துடுச்சு. அன்னைக்கு ராத்திரி வரைக்கும் மலை உச்சியில ஆளாளுக்கு ஐலசாதான்.

ராத்திரி கேரவன் கூரையில மழை தடதடன்னு அடிக்குது. தூங்கிட்டாருன்னு நினைச்சேன்.

"அழகருக்கு இப்படித்தான்டா போனோம்"னாரு இருட்டுல.

கல்யாணம் ஆன வருஷம். கூண்டு வண்டியில, நிலக்கோட்டை, சோழவந்தான் வழியா மதுரைக்கு. போக ரெண்டு ராத்திரி. வண்டிக்கடியில அரிக்கேன் விளக்கு, உள்ளே வைக்கோல் மேல ஜமுக்காளம், தூக்குல புளிச்சோறு. தல்லாகுளத்துல கூட்டத்தோட கூட்டமா வண்டியை அவுத்துப் போட்டுத் தங்கினாங்களாம். "சாமி ஆத்துல இறங்கினதை உங்கம்மா சரியாக்கூடப் பாக்கல, அம்புட்டுக் கூட்டம். ஆனா பக்கத்து வண்டிக்காரி ஒருத்தி கூடப் பழகிட்டு, அவளுக்காகவே மூணு வருஷம் போகணும்னு நின்னா."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான்.

"நீ வர முடியலைன்னு எனக்கு வருத்தமில்லடா. அன்னைக்கு யாராலயும் வர முடியல. நாலு பேருதான் நின்னோம். உங்கம்மாவுக்குக் கூட்டம் புடிக்கும். அதுதான் எனக்கு ஆறல."

நான் பதில் சொல்லல. சொல்ல என்ன இருக்கு? வீட்டை விக்கிற பேச்சுக்கு மனசுக்குள்ள ஒத்திகை பார்த்து வச்சிருந்த வசனமெல்லாம் அந்த மழையிலயே போச்சு.

ஞாயித்துக்கிழமை ரேஸ் நடந்துச்சு. முதல் சுத்துலயே நாலஞ்சு வண்டி மோதிக்கிச்சு. 97-ம் நம்பர் ஹோல்டன் ஜெயிச்சது. ஷேன் வான் கிஸ்பெர்கன், கார்த் டாண்டர் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டினாங்க. ஹோல்டன் அங்க உள்ளூர்க் கம்பெனி மாதிரி. 2017-ல கார் தயாரிக்கிறதை நிறுத்தி, 2020-ல பெயரையே மூடிட்டாங்க. பாத்தர்ஸ்ட்டோட அந்த 1000 கிலோமீட்டர் ரேஸ்ல அந்த வண்டிங்க ஓடினது அதுதான் கடைசி. வலப்பக்கத்துக்காரர் குழந்தை மாதிரி அழுதாரு. ஃபோர்டு மச்சான் தோள்ல கை போட்டுக்கிட்டு பேசாம நின்னாரு. அப்பா என்கிட்ட, "மாட்டை வித்த அன்னைக்கு நானும் இப்படித்தான்"னாரு. அது எனக்குத் தெரியாது. நான் அப்போ காலேஜ் ஹாஸ்டல்ல. அந்தக் காசுல கட்டினது என்னோட ஃபீஸ்.

திங்கக்கிழமை இறங்கி வர்றப்போ, "ஊருக்கு டிக்கெட் போட்டுரு"ன்னாரு. சரின்னேன்.

இப்போ இதை எழுதறது சித்தையன்கோட்டை வீட்டு மாடியிலிருந்து. முன்னெல்லாம் மூணு வாரம் வந்து, அதுல பாதியை ஷாப்பிங்குக்கும் கல்யாணத்துக்கும் கொடுத்துட்டு ஓடிடுவேன். இப்போ வருஷத்துக்கு ரெண்டு மாசம் இங்கிருந்தே வேலை பார்க்கிறேன். நெட் படுத்துது, ஆனா சமாளிக்கலாம். கீழே அப்பா டீக்கடை சேக்காளிங்ககிட்ட அந்தக் காருங்க 500 கிலோமீட்டர் வேகத்துல போச்சுன்னு அடிச்சு விட்டுக்கிட்டிருக்காரு. நான் திருத்தறதில்ல.

வர்ற சித்திரைக்கு அழகரைப் பார்க்கப் போறோம். மதுரையில நல்ல லாட்ஜா ரூம் போட்டுடலாம்னு தங்கமணி போன்ல சொன்னா. அப்பாகிட்ட சொன்னேன்.

"லாட்ஜா?"ன்னு மொறைச்சுட்டு, வேன் யார்கிட்ட வாடகைக்குக் கிடைக்கும்னு விசாரிக்கப் போயிருக்காரு. அடுப்பும் ஜமுக்காளமும் என் பொறுப்பாம்.