அம்மாவும் ஓர் அரைப்புள்ளியும்

தீபாவளி போனஸ் கைக்கு வந்த மறுநாளே புது ஸ்மார்ட்போன் வாங்கிவிட்டேன். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் டவுன் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன் நான். வீடு விருதுநகரில். தினமும் திருத்தங்கல் வழியாக பஸ்ஸில் போய் வருகிறேன். எப்போதாவது ஆலைப் பக்கம் போனால் வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு பொறி என்ன செய்யும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆகவே, எந்நேரமும் போனும் கையுமாக அலைகிற ஆள் இல்லை நான்.

பின்னே எதற்குப் புது போன் என்கிறீர்களா? மொய்க்காக!

சிரிக்காதீர்கள் சார். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போவது சாப்பிட மட்டுமல்ல, கணக்குத் தீர்க்கவும்தான். நம் வீட்டு விசேஷத்தில் ஒருவர் நூற்றியொன்று செய்திருந்தால், அவர் வீட்டு விசேஷத்தில் நாம் அதற்கு மேல் செய்ய வேண்டும். மறந்து குறைத்துவிட்டால் அவ்வளவுதான். இப்போது மண்டபத்திலேயே கம்ப்யூட்டரை வைத்து, மொய் எழுதியதும் ரசீது கிழித்துக் கொடுக்கிறார்கள். தப்பிக்கவே முடியாது.

2010 ஆவணியில் என் தங்கை கல்யாணம். வந்த மொய்யையெல்லாம் அப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் டைப் செய்து வைத்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் அடித்தார். அப்பா சிவகாசி அச்சகங்களில் ஈய எழுத்து கோத்து வளர்ந்தவர். அச்சுக் கட்டையில் இடம் வலமாகத் திரும்பிக் கிடக்கும் எழுத்தை, நாம் பேப்பர் படிப்பது போலப் படிப்பார். பிறகு டி.டி.பி. வந்ததும் கீ-போர்டைக் கற்றுக்கொண்டு, வெடி லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துத் தள்ளினார்.

இப்போது அம்மா இல்லை. அப்பா ரிட்டயர்டு. அந்தக் கம்ப்யூட்டரும் ஏறக்குறைய ரிட்டயர்டு. மானிட்டர் பத்து நிமிஷம் தெரியும், பிறகு கண்ணை மூடிக்கொள்ளும். தலையில் இரண்டு தட்டு தட்டினால் மறுபடி விழிக்கும். பிரிண்டர் போய் வருஷக்கணக்காகிறது. அது முழுசாகக் கண்ணை மூடுவதற்குள் மொய்க் கணக்கை போனுக்கு மாற்றிவிட வேண்டும். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவில் கல்யாணம். முன்பு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த ஒரு அக்காவின் மகனுக்கு. அவர் எங்களுக்கு எவ்வளவு செய்தார் என்பது சுத்தமாக ஞாபகமில்லை.

புதன்கிழமை ராத்திரி ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கிய கேபிளில் போனையும் கம்ப்யூட்டரையும் இணைத்தேன். போன் சார்ஜ் ஏறியது. கம்ப்யூட்டரோ, வராத விருந்தாளியைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. கழற்றி மாட்டினேன். ஊதி மாட்டினேன். ஊஹூம்.

மறுநாள் ஆபீசில் ஜூனியர் பையனிடம் சொன்னேன்.

"அண்ணே, எவ்வளவு குடுத்து வாங்குனீங்க?"

"அம்பது ரூபா."

"அதான். சாதாரண யு.எஸ்.பி. வயருக்குள்ள நாலு கம்பி இருக்கணும்ணே. ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு தகவலுக்கு. இந்த மாதிரி வயர்ல பின்ன ரெண்டை விட்டுருவாங்க. சார்ஜ் ஏறும், வேற ஒண்ணும் ஏறாது."

என்னைப் பற்றி எங்கள் கணக்கு வாத்தியார் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

வியாழன் ராத்திரி, போன் பெட்டியிலேயே வந்த கேபிளை மாட்டினேன். (அதைப் புதுசு கெடாமல் பீரோவில் வைத்திருந்தேன்!) 'டிங்' என்று சத்தம். கம்ப்யூட்டரில் போனின் பெயரே வந்துவிட்டது. ஆவலோடு திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த சட்டி.

சரி, வேறு வழி. போனிலிருந்தே கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொடுத்து, ஃபைலை எனக்கு நானே மெயில் அனுப்பிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். இன்டர்நெட் வந்தது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'இது பாதுகாப்பானதல்ல' என்று ஒரே மிரட்டல். தற்செயலாகத் திரையின் மூலையைப் பார்த்தேன். தேதி: ஜனவரி 1, 2009.

கம்ப்யூட்டரின் மதர்போர்டில் காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. கரண்ட் இல்லாதபோதும் தேதியை நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. அது செத்துவிட்டால், ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கம்ப்யூட்டர் பழைய காலத்துக்கே போய்விடும். இன்டர்நெட் பக்கங்களுக்கெல்லாம் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று ஒரு சான்றிதழ் உண்டு. 2009-ல் வாழ்கிற கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் இன்னும் பிறக்காத சான்றிதழ், எப்படி நம்பும்? எனக்கு ஒரு நிமிஷம் பொறாமையாகக்கூட இருந்தது. 2009-ல் அம்மா இருந்தாள்.

"ஏங்க, மணி பன்னண்டு. அந்தப் பொட்டியைக் கட்டிக்கிட்டு அழுதது போதும்" என்றாள் மனைவி. மானிட்டரும் கண்ணை மூடியது.

சிவகாசியிலிருந்து 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலையே கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அந்த மண்ணில் வேலை பார்க்கும் எனக்கு ஒரு கேபிளைக் கற்றுக்கொள்ள மூன்று ராத்திரி ஆயிற்று.

வெள்ளிக்கிழமை சூட்சுமம் பிடிபட்டது. கேபிளை மாட்டியதும் போனின் பூட்டைத் திறந்து, திரையை மேலிருந்து கீழே இழுத்து, 'சார்ஜ் மட்டும்' என்றிருப்பதை 'ஃபைல் பரிமாற்றம்' என்று மாற்ற வேண்டும். நம் அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் எதையும் காட்டக்கூடாது என்று போனுக்கு உத்தரவாம். நல்ல பிள்ளைதான். என்னிடமாவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஃபைல் போனுக்கு வந்துவிட்டது! 'மனுஷன் நிலாவுக்குப் போனதெல்லாம் என்ன பெரிசு' என்று நினைத்துக்கொண்டே திறந்தேன்.

உள்ளே தமிழ் இல்லை. இங்கிலீஷும் இல்லை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி... பூனை கீ-போர்டில் நடந்த மாதிரி பக்கம் பக்கமாக. ஒன்றே ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது: 101, 251, 501, 1001. பணம் மட்டும் எந்த எழுத்திலும் மாறுவதில்லை!

ஜூனியருக்குப் போன் போட்டேன். "பழைய பாமினி ஃபாண்டாண்ணே?" என்றான். அவன் சொல்லித்தான் விஷயம் விளங்கியது. அந்த ஃபாண்டில் நாம் அடிப்பது உள்ளே ஆங்கில எழுத்தாகவே பதிவாகும். 'ஜே' வரவேண்டிய இடத்தில் 'த' என்ற படத்தைக் காட்டுவது மட்டுமே ஃபாண்டின் வேலை. 'தமிழ்' என்பது உள்ளுக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ஃபாண்ட் இல்லாத போனுக்குப் போனதும் வேஷம் கலைந்துவிட்டது. யுனிகோடில் அப்படியில்லை. அதில் தமிழுக்கென்றே சொந்தமாக எண்கள் உண்டு. 'அ' என்றால் 2949. அமெரிக்காவில் திறந்தாலும் அருப்புக்கோட்டையில் திறந்தாலும் அது 'அ'தான்.

தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யுனிகோடை ஏற்று ஆணை போட்டது. எங்கள் வீட்டு மொய் டைப் ஆனது அதே வருஷம் ஆவணியில். இரண்டு மாசத்துக்குள் அரசாணை எங்கள் வீடு வரை வந்து சேரவில்லை.

சனிக்கிழமை காலை. கம்ப்யூட்டரிலேயே படித்து எழுதிக்கொள்ளலாம் என்று ஸ்விட்ச் போட்டேன். எத்தனை தட்டு தட்டியும் மானிட்டர் விழிக்கவில்லை. தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து, "என்னடா, கப்பல் கவுந்துருச்சா? கொண்டா பாப்போம்" என்று போனை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். தொடையில் இரண்டு கை விரல்களும் லேசாக அசைந்தன.

"எம், கே, அரைப்புள்ளி, கே, எச். 'அம்மா'ன்னு போட்டிருக்கு. இதுல என்னடா புரியல உனக்கு?"

எனக்கு நிஜமாகவே மயிர்க்கூச்செறிந்தது. மூன்று ராத்திரி, இரண்டு கேபிள், ஒரு ஜூனியர்... எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலேயே அப்பாவிடம் கொடுத்திருக்கலாம்! ஈய எழுத்தைத் தலைகீழாகப் படித்தவருக்கு இது எம்மாத்திரம்? கண் மறந்தாலும் விரல் மறக்கவில்லை.

அவர் படிக்கப் படிக்க நான் நோட்டில் எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'குறிப்பு' என்று ஒரு பத்தி இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அம்மா சொன்னதை வார்த்தை மாறாமல் அடித்து வைத்திருக்கிறார் மனுஷர்.

கிழக்குத் தெருவில் ஒருவர், ரூபாய் 5001: 'இது மொய் இல்ல. நமக்குத் தரவேண்டிய பழைய பாக்கி. திருப்பிச் செய்ய வேண்டாம்.'

ஒரு பெரியப்பா, ரூபாய் 51: 'அவுக அவ்வளவுதான். கோவிச்சுக்கக் கூடாது.'

அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கும்தான். பிறகு தீப்பெட்டி ஆபீஸ் அக்கா வந்தார். ரூபாய் 101. 'சரி, இருநூற்றியொன்று போதும்' என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். அப்பா குறிப்பைப் படித்தார்.

"நூத்தியொண்ணுன்னு பாக்காத. கைமாத்து வாங்கிச் செஞ்சது. நாம செய்யும்போது ஆயிரத்தொண்ணு செய்யணும். நான் இல்லாட்டியும்."

கடைசி இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டு அப்பா போனை மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "வெயில்ல கண்ணு கூசுது" என்றார். நாங்கள் இருந்தது வீட்டுக்குள்.

ஞாயிற்றுக்கிழமை மொய் மேஜையில் ஆயிரத்தியொன்றை வைத்தேன். மைக்கில் சத்தமாகப் படித்தார்கள். அந்த அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்தார். "என்ன தம்பி இவ்வளவு?" என்றார். "அம்மா கணக்குக்கா" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல சாப்பிடுங்க" என்றார். வேறெதுவும் சொல்ல அவரால் முடியவில்லை.

அப்புறம் ஜூனியர் சொன்னபடி, எழுத்துருவை மாற்றித் தருகிற ஒரு பக்கத்தில் போட்டு முழுவதையும் யுனிகோடாக்கிவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் 'டீயமெ' என்று வந்தது. டீக்கடைக்காரரோ என்று பார்த்தால், அப்பா அங்கே 'பேங்க்' என்று இங்கிலீஷில் அடித்திருக்கிறார். அதையும் பாமினி என்று நினைத்துக்கொண்டு அந்தப் புத்திசாலி மாற்றிவிட்டது!

அதைத் திருத்தவில்லை. இருக்கட்டும். எப்படியும் கடைசியாக ஒரு தடவை சரிபார்க்க அப்பா வேண்டியிருக்கிறதே!